பாலில் கலந்த எதிர்ப்புச் சக்தி

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் வண்டி ஹாரன் பழுதாகிவிட, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரே ஒரு சத்தம் போட்டாள். தெருமுனை வரை ஸ்கூட்டர்கள் ஒதுங்கின. மனசில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிற ஆள். அப்படிப்பட்டவள் ஒரு காரியத்தை மட்டும் வாயே திறக்காமல் செய்தாள். செய்திருக்கவே கூடாது.

கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவளுக்குத் தம்பியும் தம்பி மனைவியும்தான் குடும்பம். தம்பி மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அம்மாவும் மகளுமா என்று கேட்பார்கள். "எனக்கென்ன அவ்வளவு வயசா ஆயிடுச்சு?" என்று ஹாரன் அக்கா சண்டைக்குப் போவாள். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அந்தப் பெண்ணுக்குக் கருத்தரிப்பு மையத்தில் கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைத்தார்கள். இரண்டு முறை வைத்து, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. அதன்பிறகு ரத்தத்தைச் சோதித்தார்கள். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"எதிர்ப்பு சக்தில கோளாறாம் அண்ணி. அடுத்த தடவை மாத்திரையோட ஊசியும் போட்டுக்கணுமாம்."

கோளாறு என்றால் குறைச்சல்தானே? ஹாரன் அக்கா அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அவளை மட்டும் சொல்லி என்ன செய்ய? பிஸ்கட் விற்கிறவனும் சோப்பு விற்கிறவனும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறேன் என்றுதான் விற்கிறான். குறைக்கிறேன் என்று எவனாவது விற்றிருக்கிறானா? கடையில் கேட்டு ஒரு பொடி வாங்கி, தம்பி மனைவியின் காலைப் பாலில் கலந்து கொடுத்தாள். சொன்னால், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்பாள். அதனால் சொல்லவில்லை.

அடுத்த கரு தங்கியது. ஸ்கேனில் இதயத் துடிப்பைக்கூடப் பார்த்தார்கள். அன்று வேனில் பிள்ளைகள் போட்ட கூச்சலுக்கு ஹாரன் அக்கா யாரையும் அதட்டவில்லை. எல்லாம் நம் பொடி செய்கிற வேலை என்று மனசுக்குள் ஒரே பெருமை. அதற்கடுத்த ஸ்கேனில் துடிப்பு இல்லை.

டாக்டரைப் பார்க்க அவளும் கூடப் போனாள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"சக்தி குறைவு இல்லம்மா. நோயை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பான், ஆள் தெரியாம சொந்த உடம்பையே தாக்குது. அது இருந்தா கரு கலையுற வாய்ப்பு கூடும். மருந்து கொடுத்தாலும் சிலருக்கு நிக்கிறதில்லை."

தாக்குகிறவனுக்குத் தினமும் பாலில் தீனி போட்டிருக்கிறோமே என்று ஹாரன் அக்கா பதறிப்போனாள். தம்பியும் தம்பி மனைவியும் வெளியே போனதும், பொடி விஷயத்தை டாக்டரிடம் கொட்டிவிட்டாள்.

"அதனால கலைஞ்சிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு," என்றார் டாக்டர். "ஆனா அவங்களுக்குத் தெரியாம கொடுத்தது தப்பு."

"குறைவுன்னா இல்லைன்னு அர்த்தமா டாக்டர்?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. முதல்ல அவங்ககிட்ட சொல்லிடுங்க."

சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் அந்தப் பெண் தம்பியிடம், "என் உடம்பே என் புள்ளையைக் கொன்னுடுச்சு," என்று அழுதது சமையலறை வரை கேட்டது. தான் செய்ததற்கு அவள் தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறாள் என்ற குற்ற உணர்ச்சி ஹாரன் அக்காவைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, தம்பி மனைவியை வேனில் ஏற்றிக்கொண்டாள். கண்ணாடிக் கடை வாசலில் நிறுத்தித்தான் சொன்னாள். தெருவுக்கே கேட்கிற அந்தக் குரல் பக்கத்து சீட்டுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

திட்டட்டும் என்று காத்திருந்தாள். அவள் மெல்லத் திரும்பினாள்.

"அப்போ... என்னால இல்லையா அண்ணி?"

எத்தனையோ நாள் கழித்து அந்த முகத்தில் உயிர் வந்திருந்தது. டாக்டர் சொன்ன 'ரொம்பக் குறைவு' ஹாரன் அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் தான் தப்பித்துக்கொள்ளலாம். பழி மறுபடி இவள் உடம்புக்கே போய்விடும்.

"உன்னால இல்லம்மா," என்றாள். "இல்லவே இல்ல."

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டுக் கேட்டு, அந்தப் பெண் அவள் தோளிலேயே குத்திக் குத்தி அழுதாள். ஹாரன் அக்கா நகரவில்லை.