றீபே தேவாலயத்தில் பிழை பிடிக்கப் போனோம்

போன சனிக்கிழமை டென்மார்க்கின் றீபே நகரில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் தாய் முன்வரிசையில் இருந்தார். வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஆச்சரியம். எனக்கு இல்லை. ஏனென்றால் மூன்று கிழமைக்கு முன் அவரை அங்கே காரில் கூட்டிக்கொண்டு போனதே நான்தான்.

மெற்றில்டா அக்காவுக்கு எஸ்பியர்க்கில் எங்களுக்குப் பக்கத்து வீடு. இலங்கையில் மன்னார்க்காரர். மீன் தொழிற்சாலையில் முப்பது வருட வேலை. ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கர். கணவர் காலமாகி ஏழு வருடமாகிறது. ஒரே மகள் டிலானி.

டிலானி, யோனாஸ் என்ற டெனிஷ் பையனைக் கட்டப்போகிறேன் என்றபோது அக்கா சரியென்றுவிட்டார். றீபேயில் உள்ள பழைய புரட்டஸ்தாந்துத் தேவாலயத்தில்தான் கட்டுவேன் என்றாள் பாருங்கள்... அங்கே தொடங்கியது சண்டை.

"அது எங்கட கோயில் இல்லை. நான் வரமாட்டன்."

அவ்வளவுதான். இரண்டு மாதம் தாயும் மகளும் கதைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை அக்கா என் கதவைத் தட்டினார்.

"சாந்தி, உனக்கு இண்டைக்கு லீவுதானே? அந்தக் கோயிலை ஒருக்காப் பாக்கவேணும்."

"அப்ப கல்யாணத்துக்குப் போறீங்களோ?"

"இல்லை. ஏன் போகேல்லை எண்டு சனம் கேக்கும். பாத்துப்போட்டுத்தானே பதில் சொல்லவேணும்."

நியாயம்தானே?

அரை மணி நேர ஓட்டம். தேவாலயத்துக்குப் படியேறித்தான் போவார்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே இறங்கவேண்டும். எண்ணூறு வருடத்துக்கு மேலாக அது நின்ற இடத்திலேயே நிற்க, சுற்றியிருந்த தெருக்கள் உயர்ந்துகொண்டே போய்விட்டனவாம்.

உள்ளே கல்லும் குளிரும். பீடத்துக்குப் பின்னால் அரைவட்டச் சுவர். அதில்தான் அந்த மொசைக்.

மொசைக் என்றால் எனக்குத் தெரிந்தது தரைதான். இது வேறு. விரல்நுனி அளவு துண்டுகள்... நீலம், மஞ்சள், சிவப்பு, இடையிடையே பொன். அந்தப் பழைய சாம்பல் நிறத்துக்குள் யாரோ சாயப்பெட்டியைக் கவிழ்த்த மாதிரி. முகங்களுக்குப் பெரிய பெரிய கண்கள்.

அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "என்ன இது, நேர்சறிப் பிள்ளையள் கீறின மாதிரி?"

பிழை பிடிக்கத் தொடங்கினார். தொடங்கியவர் நிறுத்தவில்லை. மாதா எங்கே? இது சம்மனசு என்கிற தேவதூதரா, பறவையா? துண்டுகளை எதனால் ஒட்டினார்கள்? ஒன்று விழுந்தால் யார் ஒட்டுவது? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. மெழுகுதிரித் தாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்த பணியாளப் பெண்ணிடம் அக்கா தன் தொழிற்சாலை டெனிஷில் நேரே போய்க் கேட்டார்.

கட்டடம்தான் பழையது, மொசைக் நாற்பது வருடத்து வேலை என்றார் அந்தப் பெண். வந்த புதிதில் ஊரில் பலருக்குக் கோபமாம்.

"உமக்குப் பிடிச்சதோ?"

"முதல் வருடம் பிடிக்கவில்லை. தினமும் இதன் முன்னால்தான் கூட்டுகிறேன். இப்போது லீவில் போனால் மனம் இதைத் தேடுகிறது."

பிறகு இன்னொன்றும் சொன்னார். புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தத்துக்கு முன் டென்மார்க் முழுவதும் கத்தோலிக்கம்தான், இந்தத் தேவாலயமும் அப்படித்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "கேட்டியோ? அப்ப எங்கட ஆக்கள் கட்டினதுதான்."

ஒன்று கவனித்தீர்களா? ஒரு இடத்தைப் புகழப் போகிறவர் ஐந்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். குறை கண்டுபிடிக்கப் போகிறவர்தான் ஒவ்வொரு துண்டாகப் பார்க்கிறார். நாங்கள் உள்ளே போய் ஒரு மணி நேரமாகியிருந்தது.

திடீரென்று அக்கா போனை எடுத்தார். அவருக்கு எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைக்கத் தெரியும்.

"டிலானி, நான் உன்ர றீபேக் கோயிலுக்குள்ள நிக்கிறன். ஏன் இந்தக் கோயில்? அவன்ர ஆக்கள் இந்த ஊர் எண்டதாலயோ?"

டெனிஷில் பதில் வந்தது.

"இல்லை அம்மா. யோனாஸுக்கு நகரசபையில் கல்யாணத்தை எழுதினாலே போதும். நான்தான் இங்கே கேட்டேன்."

"ஏன்?"

"அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லுவேனே... இங்கேதான் வந்தேன். ரயிலில். அப்பாவை அந்தக் குழாய்களோடு பார்க்க என்னால் முடியவில்லை. அந்த நிறங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை."

'தேப்பன் சாகக் கிடக்க லைப்ரரியில புத்தகம் பாத்தவள்' — இந்த வசனத்தை அக்கா வாயால் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? மகளிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஏழு வருடம். சண்டை கோயிலைப் பற்றித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அக்கா அழவில்லை. "எந்தக் கதிரையில இருந்தனி?" என்று கேட்டார்.

"மூன்றாவது வரிசை. வலது பக்கம், கரையில்."

அக்கா மெதுவாக நடந்துபோய் அந்தக் கதிரையில் இருந்தார். போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். இந்தத் தடவை கேள்வி ஒன்றும் இல்லை. நான் தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன்.

மடியிலிருந்து குரல் வந்தது. இப்போது தமிழில்.

"அம்மா... இருக்கிறீங்களோ?"

"ஓம். இருக்கிறன்."

திரும்பி வரும் வழியில் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான் — கல்யாணத்துக்கு எந்த நிறச் சீலை கட்டலாம்?

சனிக்கிழமை நீலத்தில் வந்தார். மாப்பிள்ளையின் தாய் அந்த ஊரிலேயே பிறந்தவர். அவரின் கையைப் பிடித்துக்கொண்டுபோய், எந்த முகத்தில் எத்தனை நிறம் என்று அக்கா காட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு கிட்டத்தில் தான் ஒருநாளும் பார்த்ததில்லை என்று அந்த அம்மா ஒப்புக்கொண்டார்.

போதகர் மணமக்களை ஆசீர்வதித்தபோது மெற்றில்டா அக்கா நெற்றியில் தொடங்கிப் பெரிதாகச் சிலுவை அடையாளம் போட்டார். அந்த வரிசையில் வேறு ஒருவரும் போடவில்லை. உடனே நானும் போட்டேன்.

நான் சைவசமயக்காரிதான்... ஆனால் அக்காவைத் தனிய விடலாமா?