பதினொரு பிரிவுக்கும் ஒரே பெயர்

சிங்காநல்லூரில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனிக்கு நிர்வாக மென்பொருள் நிறுவிக் கொடுக்கப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் நான்கு நாள் ஊட்டி என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்ட பயணம். மூன்றாம் முறையும் தள்ளினால் வீட்டில் சோறு கிடைப்பது சந்தேகம்.

மென்பொருளைக் கம்பெனிக்கு ஏற்றபடி அமைக்க ஒரு புரோகிராம் ஓட வேண்டும். திரைக்குத் திரை கேள்வி கேட்கும். பதில் போட்டால்தான் அடுத்த திரைக்கு விடும். தாலுகா ஆபீஸே தேவலாம். அதில் ஒரு கேள்வி, ஒவ்வொரு பிரிவிலும் ஒப்புதல் தருபவர் யார் என்பது. கீழே சிவப்பெழுத்தில், பிறகு மாற்ற வேண்டுமானால் முதலிலிருந்து நிறுவ வேண்டும் என்ற எச்சரிக்கை.

பதினொரு பிரிவுத் தலைவர்களையும் முதலாளி அறைக்கு வரவழைத்து, அவர் எதிரிலேயே கேட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஸ்டோர்ஸ் மேனேஜர் தலையைச் சொறிந்தார். "முதலாளி இருக்கையில நம்ம பேரு எதுக்குங்க?"

மீதிப் பத்துப் பேரும் அதே பாட்டைப் பாடினார்கள். முதலாளி ஒரு பேச்சுக்கு வேண்டாம் என்றார், முகமெல்லாம் சிரிப்பு. பினாயில் வாங்குவது முதல் லாரியை வெளியே விடுவது வரை எல்லாவற்றுக்கும் அவர் பெயரே ஏறியது. தப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஊட்டி நினைப்பில் வாயை மூடிக்கொண்டேன். அவர் இல்லாதபோது ஒப்புதல் தர மாற்று ஆள் யார் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டு அழுத்தினேன்.

நான்காம் நாள் முதலாளிக்குக் கண் ஆபரேஷன். ஒரு வாரம் போன் திரையைப் பார்க்கக் கூடாதாம். ஆபரேஷன் தேதி அந்த அறையில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் பாஸ்வேர்டைக் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. சரக்கேற்றிய மூன்று லாரிகள் கேட்டுக்குள் நின்றன. கக்கூஸில் பினாயில் தீர்ந்துபோனது.

ஊட்டிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த முதலாளி, "இத அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லங்க?" என்றார். பதினொரு பேரும் என்னையே பார்த்தார்கள், குற்றவாளியைப் பார்ப்பது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி முதலிலிருந்து நிறுவினேன். மாற்று ஆள் கேள்வி வந்ததும் பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"உங்க பேரையே போட்டுருங்க. நீங்க நம்மூட்டு ஆளு மாதிரிங்க" என்றார் முதலாளி.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். "சரிங்க" என்றுதான் வந்தது.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ் ஏறினோம். முதலாளியின் ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. வளைவுக்கு வளைவு என் போன் அலறியது. லாரிக்கு ஒப்புதல், போல்ட் நட்டுக்கு ஒப்புதல். முதலாளி எதிரில் வாய் திறக்கத் தெரியாத அந்தப் பதினொரு பேரையும் மனைவியிடம் வரிசையாகத் திட்டித் தீர்த்தேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "ஏனுங்க, பன்னெண்டாவது ஆளை மட்டும் ஏன் உட்டுட்டீங்க?"

நான் பினாயிலுக்கு ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.