ஸ்டென்ட் வைத்த பாவாவோடு திருத்தணி கிருத்திகைக்கு

போன மாதக் கிருத்திகைக்கு நாலு நாள் முன்பு பாவாவிடமிருந்து போன் வந்தது. பாவா என் அக்காவின் கணவர். திருத்தணிப் பக்கம் பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே விசைத்தறி போட்டு லுங்கி நெய்கிறார். எட்டு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து, சென்னையில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ஊருக்கு அனுப்பினோம். அப்போது ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து அக்கா ஒரு வேண்டுதல் வைத்தாள்: இவர் பிழைத்து வந்தால் திருத்தணிக்குக் காவடி எடுத்துப் படியேறுவார். அந்த நாள் வந்துவிட்டது.

"ஸ்டென்ட் வச்சவங்க நல்லா நடக்கணும், ஏறி எறங்கணும்னு ஆராய்ச்சில சொல்றாங்களாமே. நீ அந்த ஆராய்ச்சி ஆபீஸ்லதானே கீற. காவடி எடுத்துகினு படி ஏறலாமான்னு கேட்டு சொல்லும்மா" என்றார்.

யாரிடம் கேட்பது? என் வேலை என்னவென்றால், இதய மருந்து ஆய்வுகளுக்காக ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் விவரங்களைக் கணினியில் சரிபார்ப்பது. நோயாளி மாத்திரை போட்டாரா, நெஞ்சு வலித்ததா, மறுபடி வந்தாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆய்வுக்குள் வருகிறவர்களைப் பொறுக்கித்தான் எடுப்பார்கள். சிறுநீரகம் கெட்டவர், ரொம்ப வயதானவர், ரத்தக்கசிவு உள்ளவர் பலரும் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். உள்ளே வந்தவரை நர்ஸ் போன் போட்டு விசாரித்துக்கொண்டே இருப்பார். அவர்களுக்குக் கிடைத்த பலன் வெளியே இருக்கிற மற்றவர்களுக்கும் கிடைக்குமா என்பது எங்கள் ஆபீஸில் டீயும் பிஸ்கட்டுமாக இரண்டு மணி நேரம் பேசி முடிவில்லாமல் எழுந்து போகிற விஷயம். இங்கே கேட்பது என் அக்கா புருஷன். பதில் தெரியாததால் பையைத் தூக்கிக்கொண்டு நேரில் கிளம்பினேன்.

சென்னை சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயிலே வசதி. அரக்கோணம் வழியாக இரண்டரை மணி நேரத்துக்குள் திருத்தணி வந்துவிடும். காலை ஆறு மணி வாக்கில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் கிருத்திகையன்று திருவள்ளூர் தாண்டியதும் பெட்டி முழுக்க மஞ்சள் துணிதான். மணவூரில் ஏறிய ஒரு குடும்பம் தெலுங்கில் சண்டை போட்டு, தமிழில் சமாதானமாகி, என் பக்கத்திலேயே நெருக்கி உட்கார்ந்தது. ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஷேர் ஆட்டோ இருக்கிறது, இருபது ரூபாய். தரிசனம் முடிய ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வரை வண்டி போகும் பாதையும் உண்டு, அது பிற்பாடு எங்களுக்கு உதவியது.

நான் விரதமெல்லாம் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் இரண்டு இட்லி, ஒரு வடை முடித்துவிட்டுத்தான் சரவணப் பொய்கைக்குப் போனேன். அங்கே பாவா குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, பூக்காவடியோடு தயாராக இருந்தார். கூடவே அக்காவும், அவர் தெருக்காரர்கள் எட்டுப் பேரும். எல்லோரும் தறிக்காரர்கள், ஐம்பது தாண்டியவர்கள். மாதா மாதம் கிருத்திகைக்கு ஒரே வேனில் வருகிற கூட்டம் இது. சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது.

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பாவாவை ஓரமாக உட்கார வைத்து, நான் தினமும் திரையில் பார்க்கிற கேள்விகளை நேரிலேயே கேட்டேன். நெஞ்சு வலி உண்டா? இல்லை. மூச்சு வாங்குகிறதா? இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?

"ஆங்" என்றார்.

ஆபீஸாக இருந்தால் இதோடு டிக் அடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருப்பேன். ஆனால் எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் இன்னும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இன்றைக்கு எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "இன்னிக்கு விரதமாச்சேம்மா. சாப்பாட்டுக்கு அப்புறம்னு டாக்டர் சீட்டுல எழுதிக் கீது. சாப்பாடே இல்லாம எப்டி போடறது?"

அப்புறம் ஒவ்வொன்றாக விசாரித்தேன். செவ்வாய்க்கிழமை விரதம், சஷ்டி விரதம், கிருத்திகை விரதம். எல்லா விரத நாளும் காலை மாத்திரை கிடையாது, எட்டு மாதமாக. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கிற மாத்திரை அது. காலையும் இரவும் போட்டாக வேண்டும், அதுவும் முதல் வருடம் விடவே கூடாது. பாவா அலட்சியக்காரர் இல்லை. ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து பீடியைத் தொடவில்லை, உப்பைக் குறைத்துக்கொண்டார். டாக்டர் எழுதியதை ஓர் எழுத்து பிசகாமல் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நல்ல வேளையாக அவரைப் பார்க்கிற டாக்டரே எடுத்தார். அந்த மாத்திரையை வெறும் வயிற்றிலும் போடலாம், இப்போதே ஒன்று போடச் சொல்லுங்கள், விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம் என்றார். இந்த வெயிலில் பட்டினியோடு காவடி தூக்கிப் படியேறவே கூடாது, இந்த வாரமே வந்து காட்டட்டும் என்றும் சொன்னார்.

நான் அதைச் சொன்னதும் பாவா காவடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "டாக்டர் சொல்றது இருக்கட்டும். உன் ஆராய்ச்சி இன்னா சொல்லுது?"

"தெரியாது பாவா. நடக்கிறது நல்லதுன்னு சொல்லுது, அது நெஜம். ஆனா மாத்திரையும் போடாம, தண்ணியும் குடிக்காம காவடியோட ஏறுறவங்க அதுல யாராவது இருந்தாங்களான்னு நாங்க கேட்டதே இல்ல."

எடுத்த காவடியை இறக்குவதா என்ற தவிப்பு அவர் முகத்திலேயே தெரிந்தது. அக்காதான் வந்து அவர் மடியிலிருந்து காவடியைத் தூக்கினாள். "வேண்டிக்கினது நானு. நானே ஏறிக்கிறேன். நீங்க மொதல்ல மாத்திரைய போடுங்க."

பாவா மாத்திரையை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். எனக்கு அழுகை வந்தது, மூக்கைச் சிந்துகிற சாக்கில் துடைத்துக்கொண்டேன்.

எனக்கும் பாவாவுக்கும், பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகைக்காரர் ஒருவரின் ஆட்டோ கிடைத்தது. மேலே போக நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார். ஹார்ட் பேஷன்ட் என்றதும் ஒவ்வொரு வளைவிலும் மெதுவாகத் திருப்பினார். மேலே நிழலில் உட்கார்ந்தால் ஏரிகளும் ஆந்திரா பக்கத்து மலைகளும் தெரியும், காற்று நன்றாக வரும். பாவா எதையும் பார்க்கவில்லை. படி முடியும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துக் கூட்டத்தோடு அக்கா அரோகரா சொல்லிக்கொண்டே வந்து சேர்ந்தாள். அவளை அவர் இப்படி ஓடிப்போய் வரவேற்று நான் பார்த்ததில்லை. ஓடக் கூடாது என்று கத்தினேன்.

தரிசனம் முடிந்து எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது பாவா திடீரென்று கூட்டத்தைக் கேட்டார்: "காலைல மாத்திர யாருலாம் போட்டீங்க?"

பிரஷருக்கு, சர்க்கரைக்கு, இதயத்துக்கு என்று எட்டில் ஐந்து பேருக்கு மாத்திரை உண்டு. ஒருவரும் போடவில்லை. ஐந்து பேருக்கும் காரணம் ஒன்றே, சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பாவாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து நின்று, வெறும் வயிற்றிலேயே போடலாம், நானே போட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்று பிரசங்கம் ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த சர்க்கரைக்காரர் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேவிட்டார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். பட்டினி வயிற்றில் சில சர்க்கரை மாத்திரைகள் ஆளையே சாய்த்துவிடும்.

"அது உங்களுக்குச் சொன்னது பாவா. இவருக்கு இல்ல."

பாவா உட்கார்ந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒருத்தன் போட்டு நல்லா இருந்தா எல்லாருக்கும் சரின்னு சொல்லக் கூடாது இல்ல" என்றார். ஆபீஸில் இரண்டு மணி நேரம் பேசுவது இதைத்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சர்க்கரைக்காரரை மட்டும் அப்போதே அவருடைய டாக்டருக்குப் போன் போட வைத்தோம்.

இதய நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் வண்டிப் பாதையில் போங்கள், தண்ணீரும் மாத்திரையும் கையில் இருக்கட்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எந்தெந்த நாள் விரதம் என்று டாக்டரிடம் சொல்லி, ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் விசாரிக்கும்போது, விரதத்தன்று மாத்திரையை என்ன செய்கிறார் என்று கேளுங்கள். ஒழுங்காகப் போடுகிறாரா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பாவா, சீட்டில் எழுதியபடியே போடுகிறோம் என்ற நினைப்பில், எட்டு மாதமாக உண்மையைத்தான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.