நடுவில் ஒரு ரோஸ் கோடு

ஆம்பூருக்குப் பக்கத்துத் தோல் ஷெட்டில், சுண்ணாம்புத் தொட்டியில் இருபது வருடம் வேலை செய்தேன். முதலாளி சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் ஆரம்பித்தபோது என்னை அங்கே பாத்திரம் கழுவப் போட்டார். சுண்ணாம்பில் முடி நீக்கிய மாட்டுத்தோலைக் கழுவி அரைத்து, அமிலத்தில் கரைத்து, கொலாஜன் என்ற புரதம் எடுத்து, மருந்து கலந்து, மெல்லிய தாள் போலச் செய்வார்கள். சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் வைத்தால் ஐந்து நாள் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும். சோதித்துப் பார்த்ததில், எங்கள் தாளிலிருந்து முதல் நாளே முக்கால்வாசி இறங்கிவிட்டது.

மூன்று தடவையும் அப்படித்தான். நாலாவதும் கெட்டால் மூடிவிடுவேன் என்றார் முதலாளி. மூடினால் எனக்கு மறுபடியும் தொட்டிதான். என் முதுகு அதைத் தாங்காது.

ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட மேடம், வாலாஜாபேட்டைப் பெண், மருந்தின் அளவைக் குறைத்தார், உலர்த்தும் மெஷினைத் திட்டினார். நான் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அரிசி நொய் போலக் கட்டிகள். கரையாத தோல் என்று கைக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை, ஐந்தாவது படித்தவன். இரண்டு நாள் ஒரே பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணா, பாத்திரம் தேஞ்சிடும் போல. எதனா சொல்லணுமா?" என்றார் மேடம்.

"சுண்ணாம்பு போய்டுச்சான்னு எப்டிப் பாக்கறீங்க மேடம்?"

"கழுவுன தண்ணியில. சுத்தமா இருக்கே."

"தண்ணி சொல்லாது மேடம். தோல வெட்டிப் பாக்கணும்."

ஷெட்டில் எல்லோரும் செய்வதுதான். கழுத்துப் பக்கம் தடிப்பான இடமாக வெட்டி, வெட்டிய இடத்தில், சுண்ணாம்பு பட்டால் ரோஸாகும் சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டேன். ஓரங்கள் வெளுப்பாகவே இருந்தன. நடுவில் பளிச்சென்று ஒரு ரோஸ் கோடு. உள்ளே சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அது அமிலத்தை முறித்ததால் தோல் கரையாமல் கட்டியாகி, கட்டியைச் சுற்றித் தாள் விரிசல் விட்டு, மருந்து அந்த வழியே ஓடியிருக்கிறது.

"எங்க காலேஜ்ல இத ஏன் சொல்லித் தரல?"

"அங்க தொட்டி இருக்காது மேடம்."

அவர் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

அடுத்த தோலை மெல்லிதாக அறுத்து, ரோஸ் மறையும் வரை சுண்ணாம்பு எடுக்கும் உப்பு கரைத்த தண்ணீரில் போட்டு டிரம்மில் சுற்றவிட்டோம். தாள் கண்ணாடி போல வந்தது. ஐந்தாம் நாளும் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி வந்து, யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். மேடம் கை காட்டினார். நான் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன்.

இப்போது அங்கே ஒரு நோட்டு இருக்கிறது. அதில் நான் 'ரோஸ் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல், மேடமே சொன்னாலும் தோலை அரைக்க மாட்டார்கள்.