திரும்பிப் போன முப்பது அரக்கர்கள்

மூன்று வருடங்களுக்கு முன், இன்னும் தயாரிக்கவே ஆரம்பிக்காத போர்டு கேம் பொம்மைகளுக்காக இணையக் கூட்டுநிதியில் பணம் போட்டேன். முப்பது அரக்கர்கள், ஒரு டிராகன். ஒருவழியாக இன்று பினாங்கு வந்து சேர்ந்தார்கள்.

சேர்ந்தது என் பழைய வீட்டுக்கு. நான் நிபோங் திபாலுக்கு மாறி ஒரு வருடமாகிறது.

கூரியர்காரர் போன் செய்ததும் அரைநாள் விடுப்பு போட்டு, பாலம் தாண்டி, பழைய வீடு இருக்கும் டத்தோ கிராமாட்டுக்கு ஓடினேன். இப்போது அங்கே குடியிருக்கும் அக்கா கதவைத் திறந்தார்.

“பார்சலா? அப்பவே திருப்பி அனுப்பிட்டேனே தம்பி.”

“ஏன்க்கா?”

“நீங்கதானே சொன்னீங்க, உங்க பேருக்கு எது வந்தாலும் வாங்காதீங்க, எல்லாம் ஸ்கேம்னு.”

சொன்னேன்தான். கேட்காத பொருளைக் கொண்டுவந்து என் பேரில் யாரோ பணம் கேட்ட சமயம் அது.

“முக்கியமான சாமானா?”

“விளையாடுற பொம்மை, அக்கா.”

“பொம்மைதானே லா. போனா போவுது.”

காரில் உட்கார்ந்து, பொம்மை செய்த நிறுவனத்தை நாலு கேள்வி கேட்க மின்னஞ்சலைத் திறந்தேன். தாமதத்துக்குச் சாக்கு சொல்லியே மாதாமாதம் எழுதுவார்கள் என்று நான் அவர்களின் கடிதங்களைப் பிரிப்பதே இல்லை. கடைசி நான்குக்கும் ஒரே தலைப்பு: ‘முகவரி மாறியிருந்தால் உடனே தெரிவிக்கவும்.’

மூன்று வருடமாக அவர்களின் இணையப் பக்கத்தில் போய் ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று எழுதி வந்திருக்கிறேன். அந்தக் கமெண்டுகளை மொத்தமாக அழிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சீக்கிரம்.