பிழைப் பட்டியலும் இறால்காரரும்

முந்தல் ஊரில் ஆறு இறால் குளம் வெட்டினவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. என் மருமகள் ஸஹ்றா தில்லையடி ஊர்ப் பிள்ளை, கொம்பியூட்டர் படித்தவள். குளத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு போடுவது என்று போனில் சொல்லும் மென்பொருளைச் செய்து, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று இலவசமாக விட்டாள். பாவிக்கிறவர்கள் அதன் பிழைகளைப் பதிய இரண்டு முறைகள் பார்த்தாள். ஒளிவு மறைவு கூடாதென்று, எழுதுகிறவர் பெயரோடு எல்லோரும் பார்க்கும் பட்டியலையே தேர்ந்தாள்.

முதலில் எங்கள் ஊர்க் குளக்காரர் சிலர் பாவித்துப் பார்த்தோம்; மூன்று மாதம் ஒருவரும் பிழை எழுதவில்லை.

"பிழையே இல்ல, மாமா. இனி எல்லாக் குளத்துக்கும் குடுக்கப் போறன்."

"பொறு மகள். என்ட மூணாம் குளத்துக்கு அது சுண்ணாம்பு ரெண்டு மடங்கு சொல்லிச்சி. இறால் முழுக்கச் செத்துப் போச்சி."

"அப்ப ஏன் எழுதல்ல?"

"எழுதினா ஊரே பார்க்கும். நோய்க் குளமெண்டு இறால் வாங்குற யாவாரி வரமாட்டான். ஆறு குளக்காரனுக்கு இந்தப் புத்தி இல்லாம இருக்குமா?"

ஸஹ்றா சிரிக்கவில்லை. அன்றே அந்தப் பட்டியலை மூடிவிட்டு, எழுதுகிறவர் யாரென்று அவளுக்கும் அவளோடு திருத்துகிறவர்களுக்கும் மட்டும் தெரியும் மற்ற முறைக்கு மாறினாள். அந்த ஒரு கிழமைக்குள்ளேயே பதினொரு பேர் எழுதினார்கள்; எல்லாம் அதே சுண்ணாம்புப் பிழை. கணக்கைத் திருத்திய பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுத்தாள்.

அந்தப் பதினொரு பேரில் முதலாவதாக எழுதியவன் நான்தான். எதிலும் நான்தான் முதல்.