நாடா வெட்ட நாள் பார்த்த கதை

இரண்டு பெரிய இடங்களுக்கு நடுவில் ஓடித்திரிந்து இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற தொழிலுக்கு எங்கள் பகுதியில் 'இணைப்பாளர்' என்று மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள். நான் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சின்ன நகரசபைக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் இணைப்பாளர். சபை சந்தைக் கட்டடத்தில் ஒரு அறை தரும். பல்கலைக்கழகம் பொதி செய்கிற இயந்திரமும், சாமானைச் சோதித்துப் பார்க்க ஒரு விரிவுரையாளரும் தரும். ஊர்ச்சனம் அங்கே சமைத்து, அடைத்து, வெளியூருக்கு விற்கும். திட்டம் இவ்வளவுதான். கூட்டம் வைத்தே சீவன் போன உத்தியோகத்தர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் நம்பமாட்டார்கள்.

வட்டமும் அம்புக்குறியும்

திட்டத்தை விளங்கப்படுத்தச் சந்தைக்குப் போனேன். சும்மா போகவில்லை. மடிக்கணினி, திரை, படம் காட்டும் பெட்டி எல்லாம் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு வட்டத்துக்குள் 'நகரம்', இன்னொரு வட்டத்துக்குள் 'பல்கலைக்கழகம்', இரண்டிலிருந்தும் அம்புக்குறி ஓடி 'மக்கள்' என்ற மூன்றாவது வட்டத்தில் குத்தும். அந்த அம்புக்குறிக்கு நிறம் தெரிவு செய்யவே எனக்கு அரைநாள் போயிருந்தது.

முன்வரிசையில் ஜெசிந்தா அக்கா இருந்தார். வாவியில் பிடிபடுகிற பொடி இறாலைக் கூனி என்போம். அதை வறுத்து இடித்து அவர் செய்கிற சம்பலுக்கு ஊரே அடிமை. கொழும்பில் ஒரு கடைக்காரர் அதை எடுக்கத் தயார், ஆனால் துப்புரவான இடத்தில் செய்யவேணும், எத்தனை நாள் பழுதாகாது என்று சோதித்த அறிக்கையும் வேணும் என்றிருந்தார். அது சரிவராவிட்டால் அக்கா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகவேணும். மருத்துவச் சோதனைகூட முடிந்துவிட்டது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஏஜென்சிக்காரன் மாதக் கடைசிவரை தவணை கொடுத்திருந்தான். நான் பேசி முடித்ததும் அக்கா எழும்பிக் கேட்டார்: "வட்டமெல்லாம் வடிவாத்தான் இரிக்கி தம்பி. இதுல எந்த வட்டத்துக்குள்ள நான் அடுப்பு வைக்கிற?"

நல்ல நாள்

அறை தயாராகிவிட்டது. தரைக்கு மாபிள் பதித்து, காஸ் அடுப்பு பூட்டி, புதுச்சட்டி வாங்கி வைத்து, இயந்திரமும் வந்து இறங்கிவிட்டது. ஆனால் நாடா வெட்டாமல் ஒருவரும் உள்ளே போகக்கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. அப்போ ஒரு நாள் பார்க்கவேணுமே! வெள்ளி ஜும்ஆத் தொழுகை. சனி பல்கலைக்கழகம் பூட்டு. ஞாயிறு தேவாலயப் பூசை. செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கமாட்டேன் என்றார் சபைத் தலைவரான தவிசாளர். வியாழன் பரீட்சை. திங்கட்கிழமை பார்த்தால் பௌர்ணமிப் போயா விடுமுறை.

கடைசியில் ஒரு புதன்கிழமையைப் பிடித்தேன். ஏதோ புதையல் எடுத்தவன்போல எல்லோருக்கும் அறிவித்தேன், சிற்றுண்டிக்குப் பற்றிஸ், ரோல்ஸ் எல்லாம் ஓடர் கொடுத்தேன். செவ்வாய் பின்னேரம் பல்கலைக்கழக ஊழியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். பற்றிஸை நாங்களே இரண்டு நாள் தின்றோம். சாமான் சோதிக்க எங்களுக்குத் தந்த, உணவு விஞ்ஞானம் படிப்பிக்கிற பர்ஹானா மிஸ், ஏறாவூர்க்காரி, மனதில் பட்டதை ஒளிக்கமாட்டார். தொலைபேசியில் சொன்னார்: "சேர், நீங்க ஒரு நாளக் குறிச்சாலே அந்த நாளுக்குக் கண்ணூறு பட்டிருது."

கல்லில் பேர்

வேலைநிறுத்தம் முடிந்ததும் அடுத்த தலையிடி, நாடாவை முதலில் வெட்டுவது யார்? தவிசாளரா, துணைவேந்தரா? இரண்டு கத்தரிக்கோல் வாங்கி அந்தச் சண்டையைத் தீர்த்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு திரும்பினால், பெயர்க்கல் நிற்கிறது. இரண்டு பெயரில் எது மேலே? இரண்டு தரப்பினரும் "எங்களுக்கொரு பிரச்சினையும் இல்ல" என்றார்கள். அப்படிச் சொன்னால் பெரிய பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம்.

கல் வெட்டுகிறவரின் பட்டறையில் ஒரு மணித்தியாலம் நின்று அவரைப் பாடாய்ப் படுத்தினேன். பாவம், அவரும் எவ்வளவுதான் பொறுப்பார்! "ஒராள் மேல எண்டா மற்றாள் கீழதான் சேர். வேணுமெண்டா கல்லத் தரையில பதிங்க, ரெண்டு பேரும் ஒரே மட்டத்தில படுத்திருப்பாங்க."

பின்கதவு

பட்டறையிலிருந்து வெளியே வந்தால் வாசலில் ஜெசிந்தா அக்கா நிற்கிறார். என்னைத் தேடித்தான் வந்திருந்தார். "தம்பி, வாற கிழமை மாசக் கடைசி. ஏஜென்சிக்கு என்னத்தச் சொல்ல?" என்று கேட்டார். அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் சமாளித்திருப்பேன், அதில்தானே எனக்குப் பழக்கம். ஒரு தாய் பிள்ளையை விட்டுப் போகப் பார்க்கிறாள், நான் கல்லில் பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்றைக்கே பர்ஹானா மிஸ்ஸைக் கூப்பிட்டு, அறையின் பின்கதவைத் திறந்துவிட்டேன். முன்வாசலில் நாடா கட்டினபடி இருக்கட்டும், அதற்கு ஒரு குறையும் இல்லை. அக்கா வறுத்தார், இடித்தார், இயந்திரத்தில் அடைத்தார். சூட்டுப்பெட்டியில் வைத்துக் சில நாளிலேயே கெதியாய்ச் சோதிக்கிற முறை இருக்கிறதாம், மிஸ் பொதிகளைக் கொண்டுபோனார். அறிக்கைக்காக நான் நகம் கடித்துக்கொண்டிருக்க, மறுநாள் மிஸ்ஸின் அழைப்பு வந்தது: "சேர், பெட்டிக்குள்ள கொஞ்சம் வெச்சிட்டன். மிச்சத்த என்ட வகுப்புப் பிள்ளைகள் பாணோட திண்டு முடிச்சிட்டாங்க, அக்காவ இன்னொருக்கா வறுக்கச் சொல்லுங்க."

புதுச்சட்டி

தவணைக்கு முதல்நாள் அறிக்கை கிடைத்தது. கடைக்காரர் ஓம், எடுக்கிறேன் என்றார். ஏஜென்சிக்காரனிடம் போய்ப் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கியது அக்காவேதான்.

அதற்குப் பிறகுதான் நாடா வெட்டுகிற நாளே வந்தது, பாருங்கள். பெயர்க்கல்லைத் தரையிலேயே பதித்துவிட்டோம். இரண்டு கத்தரிக்கோலும் ஒரே நேரத்தில் வெட்டின, கைதட்டல், முன்கதவைத் தள்ளித் திறந்தேன். கம்மென்று கூனி வாசம்! முதல்நாள் பின்னேரம் அறையைக் கழுவி, சன்னல் திறந்து, சாம்பிராணிகூடப் போட்டுப் பார்த்திருந்தேன். கூனி அசையவில்லை. தவிசாளர் நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். "என்ன தம்பி, புதுச்சட்டி எண்டீங்க, அடியில கரி பிடிச்சிரிக்கி?"

பேச்சு

நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "இப்போது பயனாளி ஒருவர் பேசுவார்" என்று ஒலிவாங்கியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு நான் ஒரு உரை எழுதிக் கொடுத்திருந்தேன். 'நகர-பல்கலைக்கழகக் கூட்டிணைவின் ஊடான நிலைபேறான பொருளாதார அபிவிருத்தி' என்று தொடங்கும். அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

"இந்தத் தம்பி எழுதித் தந்தது எனக்கு விளங்கல்ல, குறை நினைக்காதீங்க. இந்நேரம் நான் குவைத்தில இரிந்திருப்பன். இண்டைக்குக் காலையில என்ட மகளுக்கு நாந்தான் தலை பின்னி விட்டன்."

நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஊரை முன்னேற்றுவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கு, முதலில் அடுப்பைப் பற்றவையுங்கள், விழாவைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் இணைப்பாளர் என்று ஒருவன் என்னத்துக்கு?